வெட்டுப்புள்ளியும் கொழும்புப் பிள்ளையும்

வெட்டுப்புள்ளி வெளியாகும் வாரத்தில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தவறாமல் கேட்கும் ஒரு பேச்சு உண்டு. “என்ர மகளுக்கு மூண்டு ஏ. மெடிசின் கிடைக்கேல்ல. மன்னாரில இருக்கிற அண்ணேன்ர பெடியனுக்கு ஏயும் பியும்தான். அவனுக்குக் கிடைச்சிட்டுது. இது எந்த ஊர் நியாயம்?” கேட்பவர் பொய் சொல்லவில்லை. கொழும்பில் மூன்று ஏ எடுத்தும் மருத்துவ பீடத்துக்குப் போக முடியாத பிள்ளைகள் இருக்கிறார்கள். இன்னொரு மாவட்டத்தில் அதைவிடக் குறைந்த பெறுபேற்றோடு போகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். இது யாரும் களவாகச் செய்கிற காரியம் அல்ல. எழுதி வைத்த விதிப்படி, எல்லோருக்கும் தெரியும்படி நடப்பது. அந்த விதி என்ன, அது ஏன் வந்தது, கொழும்பிலிருக்கும் தமிழ்ப் பிள்ளை குறைந்த புள்ளியோடு எந்தெந்த வாசலால் உள்ளே போகலாம் என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

முதலில் இடநெருக்கடி. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கீழ் இன்று 17 அரச பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. மூன்று பாடங்களில் குறைந்தது எஸ் சித்தியும், பொதுச் சாதாரண வினாத்தாளில் 30 புள்ளியும் இருந்தால் நீங்கள் விண்ணப்பிக்கத் தகுதி உள்ளவர். 2022ஆம் ஆண்டுக்கான உயர்தரப் பரீட்சையில் அப்படித் தகுதி பெற்றவர்கள் ஏறக்குறைய 1,66,000 பேர். ஆண்டுதோறும் சேர்க்கப்படுகிறவர்களோ 45,000 சுற்றளவில்தான். ஆக, தகுதி பெற்ற நாலு பேரில் ஒருவருக்குத்தான் இடம். மீதி மூன்று பேரும் படிக்கத் தெரியாதவர்கள் அல்லர். அவர்களுக்குக் கதிரை இல்லை, அவ்வளவுதான்.

அந்த ஒருவரைத் தெரிவு செய்யும் அளவுகோல் இசட் புள்ளி. ஏ, பி, சி என்ற தரங்கள் தெரிவில் நேரடியாகப் பார்க்கப்படுவதில்லை. இதைப் புரிந்துகொள்ளாமல்தான் பலர் தரங்களை வைத்துச் சண்டை பிடிக்கிறார்கள். ஒரு பாடத்தில் நீங்கள் எடுத்த புள்ளியிலிருந்து அந்தப் பாடம் எழுதிய எல்லோருடைய சராசரியையும் கழித்து, வருவதை நியம விலகலால் பிரித்தால் அந்தப் பாடத்தின் இசட் புள்ளி வரும். மூன்று பாடங்களின் இசட் புள்ளிகளையும் கூட்டி மூன்றால் பிரித்தால் உங்களுடையது. நான்கு தசம தானம் வரை கணிப்பார்கள்.

கற்பனையாக ஒரு கணக்குப் பார்ப்போம். பௌதிகவியலில் நாட்டின் சராசரி 40, நியம விலகல் 16 என்று வைத்துக்கொள்ளுங்கள். 62 எடுத்த பிள்ளைக்கு இசட் 1.3750. இன்னொரு பாடத்தில் சராசரி 60, விலகல் 15 என்றால் 75 எடுத்த பிள்ளைக்கு இசட் 1.0000 மட்டுமே. 62 எடுத்தவர் 75 எடுத்தவரை முந்திவிடுகிறார். கடினமான வினாத்தாளை எதிர்கொண்டவருக்கு அநியாயம் நடக்கக்கூடாது என்பதே இதன் நோக்கம். எல்லோருக்கும் இலகுவாக வந்த வினாத்தாளில் ஏ எடுத்தால் இசட் புள்ளி பெரிதாக ஏறாது. இரண்டு பேர் மூன்று ஏ எடுத்தும் ஒருவர் மொறட்டுவைக்குப் போய் மற்றவர் வீட்டிலிருப்பதன் காரணமும் இதுதான்.

இந்த முறை 2001இல் வந்தது. பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆர். ஓ. தட்டிலின் பெயர் இதனோடு சேர்த்துச் சொல்லப்படும். சிங்களத்தில் எழுதினாலும் தமிழில் எழுதினாலும் ஆங்கிலத்தில் எழுதினாலும் ஒரே பாடம், ஒரே சராசரி. மொழிக்கு ஒரு கணக்கு இல்லை. ஒரு தடவை இந்தக் கணக்கே குழம்பியது. 2011 பரீட்சையைப் பழைய பாடத்திட்டத்தில் ஒரு தொகுதியும் புதிய பாடத்திட்டத்தில் இன்னொரு தொகுதியும் எழுதின. இரண்டையும் கலந்து இசட் புள்ளி கணித்தார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2012இல் அந்தப் புள்ளிகள் செல்லாது, இரு தொகுதிக்கும் தனித்தனியாகக் கணிக்க வேண்டும் என்று தீர்ப்பானது. எண் என்றால் பிழைக்காது என்று நம்பக் கூடாது. பெறுபேறு வந்தவுடன் மீள்பரிசீலனைக்கு விண்ணப்பிக்க உங்களுக்கு உரிமை உண்டு. வெட்டுப்புள்ளிக்கு மிக அருகில் நிற்கும் பிள்ளை அதைத் தவறவிடவே கூடாது.

இனி மாவட்டக் கதைக்கு வருவோம். அறிவியல், பொறியியல், மருத்துவம், வர்த்தகம் போன்ற பெரும்பாலான கற்கைநெறிகளில் நூறு இடம் இருந்தால் 40 இடம் அகில இலங்கைத் திறமைக்கு. அங்கே மாவட்டம் கேட்கமாட்டார்கள். அடுத்த 55 இடம் 25 மாவட்டங்களுக்கும் சனத்தொகை விகிதப்படி பங்கிடப்படும். கடைசி 5 இடம் கல்வியில் பின்தங்கியவை என்று குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகப் போகும். யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை, நுவரெலியா, பதுளை எல்லாம் இந்தப் பட்டியலில் இருக்கின்றன. அநுராதபுரம், பொலன்னறுவை, மொனராகலை, அம்பாந்தோட்டை, புத்தளம், இரத்தினபுரி மீதி. கொழும்பு இல்லை. கலைப் பிரிவுக்கு மட்டும் கதை வேறு. அங்கே அகில இலங்கைத் திறமைப்படியே தெரிவு.

ஆயிரம் இடமுள்ள ஒரு கற்கைநெறியை எடுத்துக்கொள்ளுங்கள். 400 இடம் திறமைக்குப் போகும். அதில் கொழும்புப் பிள்ளைகள் நிறையப் பேர் ஏறிவிடுவார்கள். மிகுதி 550இல் கொழும்பின் பங்கு என்ன? 2012 கணக்கெடுப்பின்படி நாட்டின் சனத்தொகை 2 கோடி 3 லட்சத்துக்குச் சற்று மேல், கொழும்பு மாவட்டம் ஏறக்குறைய 23 லட்சம். அதாவது 11 வீதம் சொச்சம். எனவே 62 இடமளவில் வரும். முல்லைத்தீவின் சனத்தொகை 92,000 சுற்றளவு. அதற்கு இரண்டோ மூன்றோ இடம். மேலதிக 5 வீதத்தில் ஒரு சிறு துண்டு சேரும். முல்லைத்தீவுப் பிள்ளை உங்கள் பிள்ளையின் இடத்தைப் பறித்தது என்று சொல்லுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை தாளில் போட்டுப் பார்க்க வேண்டும். கொழும்புக்கு ஒதுக்கிய 62 இடத்துக்காக உங்கள் பிள்ளை போட்டியிடுவது கொழும்பிலிருக்கும் மற்றப் பிள்ளைகளோடுதான். நாட்டின் மிகப் பலமான பாடசாலைகளும் மிகச் சிறந்த ரியூசன் ஆசிரியர்களும் இங்கேயே குவிந்திருப்பதால் அந்தப் போட்டி உயரத்தில் நடக்கிறது. வெட்டுப்புள்ளி ஏறுவது அதனால்.

தமிழர்களிடம் இதைப் பேசும்போது இன்னொன்றை விலக்க முடியாது. தரப்படுத்தல் என்ற சொல்லைக் கேட்டதும் எங்கள் பெரியவர்களுக்கு நினைவு வருவது வேறு. 1970இல் ஆட்சிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசாங்கம் 1971 அனுமதியில் மொழிவாரியாக வெவ்வேறு தகுதிப் புள்ளியை வைத்தது. மருத்துவத்துக்கு 400இல் தமிழ்மொழி மூலத்தாருக்கு 250, சிங்களமொழி மூலத்தாருக்கு 229 என்று பதிவாகியிருக்கிறது. ஒரே பரீட்சை மண்டபத்தில் ஒரே கேள்விக்கு விடை எழுதிய இரண்டு பிள்ளைகளை அவர்களின் மொழி பிரித்தது. 1974இல் மாவட்டப் பங்கீடும் சேர்ந்தது. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் ஒரு தலைமுறையாக இழந்ததும், அந்த ஆத்திரம் எங்கே போய் முடிந்தது என்பதும் வரலாறு. 1977இல் ஆட்சி மாறியபின் மொழிவாரி முறை கைவிடப்பட்டது. மாவட்டப் பங்கீடு, விகிதங்கள் மாறி மாறி, இன்றுவரை தொடர்கிறது.

அந்தக் காயம் உண்மையானது. ஆனால் அந்தக் காயத்தை வைத்து இன்றைய முறையை அளப்பது பிழை என்பது என் உறுதியான எண்ணம். மொழியை வைத்துப் புள்ளியை வெட்டியது அநீதி. ஆய்வுகூடம் இல்லாத பாடசாலையில், இரசாயனவியல் ஆசிரியர் வருடக் கணக்கில் வராத ஊரில் படித்த பிள்ளைக்கு ஒரு படி குறைத்து வைப்பது அதே காரியம் அல்ல. இன்றைக்கு இந்த மாவட்ட முறையால் மருத்துவ பீடத்துக்கும் பொறியியல் பீடத்துக்கும் போகிறவர்களில் கிளிநொச்சிப் பிள்ளையும் முல்லைத்தீவுப் பிள்ளையும் நுவரெலியாவின் தோட்டத்துப் பிள்ளையும் இருக்கிறார்கள். போருக்குள் பதுங்குகுழியில் பிறந்து வளர்ந்தவர்களும் லயன் அறையில் படித்தவர்களும் அவர்களுக்குள் உண்டு. குறைந்த புள்ளியோடு போனார்கள் என்று அவர்களைப் பார்த்துச் சொல்லுமுன் அவர்கள் எதிலிருந்து அந்தப் புள்ளியை எடுத்தார்கள் என்று கேட்க வேண்டும்.

அப்படியென்றால் முறை முழுக்கச் சரியா? இல்லை. அதன் பிழை கொழும்புக்குள்ளேயே தெரிகிறது. மாவட்டம் என்பது மிகப் பெரிய வலை. கறுவாத்தோட்டத்தில் காரில் இறங்கும் பிள்ளையும், கொட்டாஞ்சேனையில் ஒற்றை அறை வீட்டில் அப்பா துறைமுகத்தில் கூலிக்குப் போகும் பிள்ளையும் ஒரே கொழும்பு மாவட்டம். கல்வி வலயமும் ஒன்றே. வட கொழும்பில் உயர்தர விஞ்ஞான, கணிதப் பிரிவுகள் நடத்தும் ஒன்று ஏபி வகைத் தமிழ்ப் பாடசாலைகள் மிகக் குறைவு. பத்தாம் பதினோராம் ஆண்டுவரை பக்கத்துப் பாடசாலையில் படித்துவிட்டு, விஞ்ஞானம் வேண்டுமென்றால் பம்பலப்பிட்டிக்கும் வெள்ளவத்தைக்கும் பஸ் பிடிக்க வேண்டும். ரியூசனுக்கும் அங்கேதான். ஒரு பாடத்துக்கு மாதக் கட்டணம், மூன்று பாடத்துக்கு மும்மடங்கு, அதன்மேல் மீட்டல் வகுப்பு, மாதிரி வினாத்தாள் வகுப்பு. அந்தப் பிள்ளை றோயல் கல்லூரியில் படித்த பிள்ளையோடு தலைக்குத் தலை நின்று அதே வெட்டுப்புள்ளியைத் தாண்ட வேண்டும். மன்னார்ப் பிள்ளைக்குக் கிடைத்த சலுகை இந்தப் பிள்ளைக்குக் கிடையாது, வறுமை ஒன்றாக இருந்தாலும்.

இந்தச் சிக்கலுக்கு வேறு இடங்களில் வேறு விடை கண்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் 1997இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. எந்தப் பாடசாலையாக இருந்தாலும் அந்தப் பாடசாலையின் முதல் 10 வீதத்துக்குள் வரும் மாணவருக்கு மாநிலப் பல்கலைக்கழகத்தில் அனுமதி உறுதி. பணக்காரப் பாடசாலையின் முதல் பத்து வீதமும் ஏழைப் பாடசாலையின் முதல் பத்து வீதமும் ஒன்றுதான். தமிழ்நாடு 2020இல் இன்னொரு வழி எடுத்தது. மருத்துவ அனுமதிக்கு நீட் என்ற நுழைவுத் தேர்வின் மதிப்பெண் கட்டாயமான பிறகு அரசுப் பள்ளி மாணவர்கள் அநேகமாகக் காணாமற்போனார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 வீத உள்ஒதுக்கீடு சட்டமாக வந்தது. பிரித்தானியாவிலும் பல பல்கலைக்கழகங்கள் பின்தங்கிய பாடசாலைப் பிள்ளைக்கு ஒரு படி குறைந்த தரத்தை ஏற்கின்றன. இந்த மூன்றிலும் மாவட்டம் முக்கியமில்லை, பாடசாலைதான் அளவு. இலங்கையும் அந்தப் பக்கம் திரும்பினால் முல்லைத்தீவுக்கும் நட்டமில்லை, கொட்டாஞ்சேனைக்கும் நீதி கிடைக்கும்.

சட்டம் மாறும்வரை காத்திருக்க முடியாதே. இன்றைய விதிக்குள் குறைந்த புள்ளிக்காரருக்கு என்ன வழி?

முதலில் ஒரு தவறான வழியை அடைத்துவிடுகிறேன். ஓ.எல். முடிந்ததும் பிள்ளையைப் பின்தங்கிய மாவட்டத்துப் பாடசாலையில் சேர்த்துவிட்டால் அந்த மாவட்டத்து வெட்டுப்புள்ளி கிடைக்கும் என்று சிலர் ஆலோசனை சொல்வார்கள். ஏ.எல். படிப்பு இரண்டு ஆண்டு. மாவட்டத்தைத் தீர்மானிக்கும்போது ஆணைக்குழு பார்ப்பது பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டுப் பாடசாலைக் காலத்தை. அந்தக் காலத்துக்குள் மாவட்டம் மாறியிருந்தால் நிரந்தர வதிவிடம் முதலானவை ஆராயப்படும். பொய் விபரம் கொடுத்தது தெரியவந்தால் அனுமதி இரத்தாகும், படித்துக்கொண்டிருக்கும்போதும் இரத்தாகலாம். உண்மையாகவே ஊர் மாறி வந்த குடும்பங்கள், குறிப்பாக மலையகத்திலிருந்தும் வடக்கிலிருந்தும் பிள்ளையின் படிப்புக்காகக் கொழும்புக்கு வருகிறவர்கள், வருமுன்பே ஆணைக்குழுவின் மாணவர் கைந்நூலில் இந்தப் பகுதியை வரிவரியாக வாசிக்க வேண்டும். நல்ல ரியூசனுக்காக வந்து பிள்ளையின் சொந்த மாவட்டத்தை இழந்தவர்கள் உண்டு.

நேர்மையான வாசல்களில் மிகப் பெரியது கொழும்பை விட்டு வெளியே போவது. ஒரே மருத்துவப் பட்டத்துக்குக் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் வெட்டுப்புள்ளி ஒன்று, மட்டக்களப்பிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தினது இன்னொன்று, யாழ்ப்பாணத்தினது இன்னொன்று. பொறியியலில் மொறட்டுவை உச்சியில் நிற்கும். பேராதனை, றுகுணை, யாழ்ப்பாணம், தென்கிழக்கு எல்லாம் கீழே வரும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சியில் அறிவியல் நகரில் இருக்கிறது. கணினித் துறைக்கு வவுனியாப் பல்கலைக்கழகமும் திருகோணமலை வளாகமும் உண்டு. பட்டத்தின் பெறுமதி ஒன்று, மருத்துவ சபை பார்ப்பதும் ஒன்று. கொழும்பில் பிறந்து வளர்ந்த பிள்ளையை நாலைந்து வருடம் மட்டக்களப்புக்கு அனுப்ப மனம் வராமல், அதைப் பட்டியலில் போடாமலே விட்டு, பிறகு கையைப் பிசைகிற பெற்றோர் வெள்ளவத்தையில் நிறைய. பிள்ளைக்கு மொழி தெரிந்த ஊர், சாப்பாடு தெரிந்த ஊர். இதில் பயப்பட ஒன்றுமில்லை.

அதே பிரிவுக்குள் கற்கைநெறியை மாற்றிப் பார்ப்பது இரண்டாவது. பயோ படித்தவருக்கு மருத்துவமும் பல் மருத்துவமும் மட்டும்தான் கண்ணுக்குத் தெரிகிறது. மிருக வைத்தியம், விவசாயம், தாதியியல், மருந்தாக்கவியல், கதிர்ப்படவியல் போன்ற துணை மருத்துவக் கற்கைகள், உயிரியல் விஞ்ஞானம் என்று கைந்நூல் நீண்டு போகும். யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் சித்த மருத்துவம் இருக்கிறது. ஐந்தாண்டுப் பட்டம், தமிழ்ப் பிள்ளைக்கு மிக நெருக்கமான துறை. அதை இரண்டாந்தரமாகப் பேசுவது எங்களுடைய அறியாமை.

மூன்றாவது, உளச்சார்புப் பரீட்சை வைத்துத் தெரிவு செய்யும் கற்கைகள். மொறட்டுவையின் கட்டடக்கலை, வடிவமைப்பு, நிலத்தோற்றக் கட்டடக்கலை ஆகியவை இந்த வகை. விளையாட்டு விஞ்ஞானம், மொழிபெயர்ப்பு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் மட்டக்களப்பின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும் வழங்கும் இசை, நடனக் கற்கைகளும் அப்படியே. பரீட்சையில் சித்தியடைந்தவர்களுக்குள் மட்டுமே இசட் புள்ளிப் போட்டி நடக்கும். வரைய வரும், ஆட வரும், இரண்டு மொழி வரும் என்ற பிள்ளைக்கு இது திறந்த கதவு. ஆனால் இந்தப் பரீட்சைக்கு அந்தந்தப் பல்கலைக்கழகத்துக்கே தனியாக விண்ணப்பிக்க வேண்டும், விளம்பரம் பத்திரிகையில் வரும், நாள் தவறினால் அந்த வருடம் போயிற்று. எங்கள் பிள்ளைகள் கோட்டைவிடுவது அதிகமாக இங்கேதான். விளையாட்டிலோ கலையிலோ தேசிய, சர்வதேச மட்டத்தில் சாதித்தவர்களுக்கும், பார்வைக் குறைபாடு உட்பட மாற்றுத்திறன் கொண்டவர்களுக்கும் விசேட அனுமதி தனியாக உண்டு. குறைந்தபட்சத் தகுதி இருந்தால் போதும், சான்றிதழ்களை ஒழுங்காக வைத்திருக்க வேண்டும்.

விண்ணப்பத்தை நிரப்புவது பற்றி இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் வெறும் அறியாமையால் இடம் இழப்பது இந்த இடத்தில்தான். கற்கைநெறியும் பல்கலைக்கழகமும் சேர்ந்த ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீட்டு எண் உண்டு. விருப்ப ஒழுங்கில் அவற்றை எழுதுகிறீர்கள். தெரிவு உங்கள் பட்டியலின் மேலிருந்து கீழே போகும். உங்கள் புள்ளிக்கு எட்டும் முதல் இடத்தில் நிற்கும். ஆகவே எட்டாது என்று தெரிந்த கனவை முதலில் எழுதினாலும் நட்டமில்லை. போன வருட வெட்டுப்புள்ளியைப் பார்த்து “இது நிச்சயம் கிடைக்கும்” என்று ஒன்றை மேலே போட்டு, உண்மையில் விரும்பியதைக் கீழே போட்டால்தான் நட்டம். விருப்பப்படி எழுதுங்கள், நிறைய எழுதுங்கள், போக மனமில்லாததை எழுதாதீர்கள். முதற் சுற்றில் கிடைக்காவிட்டால் வெற்றிடம் நிரப்பும் சுற்றுகளும் மேன்முறையீடும் இருக்கின்றன. கிடைத்த இடத்தில் பதிவு செய்துவிட்டு அடுத்த வருடம் மீண்டும் பார்ப்போம் என்று நினைப்பவர்கள், பதிவு செய்தவரை மீண்டும் சேர்ப்பது பற்றிய விதியை முதலில் படிக்க வேண்டும். அது இறுக்கமானது.

இரண்டாம் தடவை எழுதுவதா? மூன்று தடவை எழுத விதி இடம் கொடுக்கிறது. ஒவ்வொரு தடவையும் மூன்று பாடமும் புதிதாக எழுத வேண்டும், பழைய பெறுபேற்றின் நல்ல பாடத்தை எடுத்து ஒட்ட முடியாது. வெட்டுப்புள்ளிக்கு அருகில் நின்று, எந்தப் பாடம் காலை வாரியது என்று தெளிவாகத் தெரிந்த பிள்ளைக்கு இரண்டாம் தடவை பயன் தரும். அம்மா அப்பாவின் ஆசைக்காக மூன்றாவது முறையும் பயோ எழுதும் பிள்ளைக்கு அது இளமையைத் தின்னும். இந்த இடத்தில் பெற்றோர் பிள்ளையின் சொல்லைக் கேட்க வேண்டும்.

இந்த வெட்டுப்புள்ளியைப் பார்க்காத வாசல்களும் கொழும்பில் கிட்டத்தில் இருக்கின்றன. நாவலயிலுள்ள திறந்த பல்கலைக்கழகம் 1980இல் தொடங்கியது. அதுவும் அரச பல்கலைக்கழகம்தான். சட்டப் பட்டத்துக்கு அங்கே தனித் தெரிவுப் பரீட்சை, விஞ்ஞானமும் தொழில்நுட்பமும் தாதியியலும் உண்டு, ஏ.எல். சரிவராதவர்களுக்கு அடிப்படைக் கற்கையும் உண்டு. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கணினிக் கல்லூரி நடத்தும் தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டம் 2000ஆம் ஆண்டில் தொடங்கியது. கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்துப் புதுக்கடையில் இலங்கைச் சட்டக் கல்லூரி இருக்கிறது. அதற்குத் தன் சொந்த நுழைவுப் பரீட்சை. மட்டக்குளியில் உயர் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது, பொறியியல் உயர் டிப்ளோமாவுக்கு. மொறட்டுவையின் தேசிய தொழில்நுட்ப டிப்ளோமா தியகமவில். கணக்கியலில் பட்டயக் கணக்காளர் வழி ஏ.எல். முடித்த மறுநாளே தொடங்கலாம். கொழும்பின் பல பெரிய நிறுவனங்களின் கணக்குப் பகுதியில் மேலே இருக்கும் தமிழர்கள் பலர் அந்த வழியால் போனவர்களே.

தனியார் நிறுவனத்துக்குப் போகிறவர்களுக்கு ஒரு செய்தி, ஒரு எச்சரிக்கை. அரசு 2017இல் தொடங்கிய வட்டியில்லாக் கல்விக் கடன் திட்டத்தில், அரச பல்கலைக்கழகம் கிடைக்காத பிள்ளைகள் அங்கீகரிக்கப்பட்ட அரச சார்பற்ற நிறுவனங்களில் பட்டம் படிக்கலாம். வேலைக்குப் போனபின் திருப்பிக் கட்டலாம். கொட்டாஞ்சேனையில் இதை அறியாத குடும்பங்கள் பல. எச்சரிக்கை, அங்கீகாரம் பற்றியது. மாலபே தனியார் மருத்துவக் கல்லூரி ‘சைட்டம்’ விவகாரத்தில் பெரிய பணம் கட்டிப் படித்த பிள்ளைகள் தங்கள் பட்டத்துக்குப் பதிவு கிடைக்குமா என்று நீதிமன்றப் படிகளில் வருடக் கணக்கில் நின்றார்கள். 2018இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தபிறகே அவர்களுக்கு மூச்சு வந்தது. கல்லூரியோ இழுத்து மூடப்பட்டது. வெளிநாட்டில் மருத்துவம் படிக்கப் போகிறவர்களும் இதையே பார்க்க வேண்டும். இலங்கை மருத்துவ சபை ஏற்கும் பல்கலைக்கழகமா, அது கேட்கும் குறைந்தபட்ச ஏ.எல். பெறுபேறு பிள்ளையிடம் இருக்கிறதா, திரும்பி வந்து எழுத வேண்டிய தகுதிகாண் பரீட்சையைத் தாண்ட முடியுமா. காலி வீதியில் முகவர் நிலையம் வைத்திருப்பவர் சொல்வதைக் கேட்டுக் காணியை விற்குமுன் இந்த மூன்றையும் மருத்துவ சபையிடமே கேளுங்கள்.

ஆங்கிலம் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. மருத்துவம், பொறியியல், விஞ்ஞானம், முகாமைத்துவம் எதுவானாலும் பல்கலைக்கழகத்தில் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே படிப்பு. தமிழில் ஏ.எல். எழுதி மூன்று ஏயோடு போன பிள்ளை முதலாண்டில் தடுமாறுவதும், இரண்டு பி ஒரு சி எடுத்து ஆங்கிலத்தை இறுகப் பிடித்த பிள்ளை முன்னேறுவதும் எந்தப் பீடத்திலும் காணலாம். பெறுபேறு வரும்வரை காத்திருக்கும் அந்த மாதங்கள் ஆங்கிலத்துக்குரியவை.

இப்போதே செய்ய வேண்டியது ஒன்றுண்டு. ஆணைக்குழுவின் மாணவர் கைந்நூல் தமிழில் வருகிறது. பெறுபேறு வந்தபிறகு அவசரத்தில் புரட்டாமல், பிள்ளை பன்னிரண்டாம் ஆண்டில் இருக்கும்போதே போன வருடத்துக் கைந்நூலை வாங்கி, பெற்றோரும் பிள்ளையும் ஒன்றாக இருந்து வாசியுங்கள். கோயில்களும் தேவாலயங்களும் பழைய மாணவர் சங்கங்களும் வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்கி, பல்கலைக்கழகத்தில் படிக்கும் அண்ணன்மார் அக்காமாரைக் கூட்டிவந்து, வட கொழும்புப் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் நிரப்பச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.